மேல் பாதி

கோளாறு பெடலில்தான் என்று ஜெபகுமார் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். வா-வா பெடல் என்பது தையல் மிஷின் மிதி மாதிரி ஒரு சாமான். அதை ஒற்றைக் காலால் மிதித்துக்கொண்டே கிடார் வாசிக்க வேண்டும். குதிகாலை அழுத்தினால் கம்பி வாயை மூடிக்கொண்டு முனகும். முன்பாதத்தை அழுத்த அழுத்த வாயைத் திறந்து அழும், கெஞ்சும், கத்தும். ஆனால் இவன் பெடல் பாதி தூரம்தான் பேசுகிறதாம். நடுவரைக்கும் நன்றாக வருகிறது, அதற்கு மேல் மிதித்தால் கம்பளியைப் போட்டு மூடின மாதிரி அமுங்கிப் போகிறது. "மேல் பாதி செத்துப் போச்சு" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான். கேட்டுக் கேட்டு அவன் வீட்டுச் சுவருக்கே அது மனப்பாடம் ஆகியிருக்கும்.

படப்பையில் வீடு. பகலில் ஒரு தகரப் பட்டறையில் வேலை. பட்டறை என்றால் கோபித்துக்கொள்வார்கள், கம்பெனி என்று போர்டு இருக்கிறது. பவர் பிரஸ் என்கிற ராட்சச இயந்திரத்தில் தகட்டை வைத்தால், 'டை' என்கிற இரும்பு அச்சு மேலிருந்து டமார் என்று விழுந்து ஸ்கூட்டருக்கு வேண்டிய பிராக்கெட்டை வெட்டித் தள்ளும். ஒரு ஷிப்டுக்கு எத்தனை டமார் என்று எண்ணினவன் பைத்தியக்காரன். மாலையில், கச்சேரி இருந்தால், முனிரத்தினம் நடத்துகிற மெல்லிசைக் குழுவில் தனி வாசிப்பெல்லாம் வாசிக்கிற லீட் கிடார். ஜெபகுமாருக்கு இந்த இரண்டாவது பிழைப்புத்தான் பிழைப்பு. முதலாவது, சோறு.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் அந்தக் குண்டு வெடித்த பிறகு, அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு மேடை போடவும் மைக் செட் கட்டவும் போலீஸ் லேசில் விடவில்லை. கல்யாணத்துக்கே பயந்து பயந்து பாட்டுப் போட்டார்கள். கச்சேரி இல்லாத மாதங்களில் ஜெபகுமார் என்ன செய்வான்? ஓ.டி. பார்த்தான். ஒரு ஷிப்டு முடிந்ததும் அடுத்த ஷிப்டிலும் நின்றான். பெரிய பிரஸ்ஸில்தான் நிற்க வைத்தார்கள், அதற்கும் ஒரு காரணம் இருந்தது. அவன் காது.

கேளுங்கள் இந்தக் கூத்தை. பிரஸ் விழுகிற சத்தத்தைக் கேட்டே டை உள்ளே எங்கே விரிசல் விட்டிருக்கிறது, எந்த மூலை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான் ஜெபகுமார். மற்றவர்கள் கழற்றிப் பார்த்த பிறகு கண்டுபிடிப்பதை இவன் நின்ற இடத்தில் கண்டுபிடிப்பான். பாட்டுக்காரன் காது என்று சூப்பர்வைசருக்கு ஒரே பெருமை. புது டை ஏற்றினால் "கூப்பிடு அந்தக் காதை" என்பார். எண்ணெய் துடைக்கிற பஞ்சைச் சுருட்டிக் காதில் அடைத்துக்கொண்டு வேலை செய்தவர்கள் அங்கே உண்டு. அவர்களை மற்றவர்கள் புதுப்பெண் என்று கேலி செய்வார்கள். ஜெபகுமார் ஒருநாளும் அடைத்ததில்லை. அடைத்தால் டை பேசுவது எப்படிக் கேட்கும்? பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் குனிந்து, காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்பான். உலகத்தில் எவனாவது தன் வீணையை எடுத்துப்போய் உலக்கை இடிக்கிற இடத்தில் வைப்பானா? இவன் வைத்தான், அதுவும் பெருமையாக.

ஆடி மாதம் பிறந்து போலீஸ் கொஞ்சம் இளகியது. மணிமங்கலத்தில் அம்மன் திருவிழா, மாலை ஆறு மணிக்குக் கச்சேரி. இரண்டு மாதம் கழித்து மேடை. முனிரத்தினம் புதுச் சட்டை தைத்திருந்தார். ஜெபகுமாரும் தயாராகத்தான் போனான். கிடார் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிற அவன் ஆம்ப், தாம்பரத்தில் ரேடியோ கடை வைத்திருக்கிற கன்னியப்பன் கட்டிக் கொடுத்தது. காசெட்டில் வெளிநாட்டுக்காரன் கிடார் கிழிகிறதே, அந்த மாதிரி கிழிய வேண்டும் என்று இவன் கேட்க, அவர் ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்குப் போட்டு ஹை கெயின் ஆம்ப் ஒன்றைச் செய்து கொடுத்திருந்தார். கெயின் என்று ஒரு குமிழ். அதை ஏற்ற ஏற்ற, சின்னச் சத்தம் வீங்கி, ஓரம் கிழிந்து, கொதிக்கிற எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி ஆகும். அன்றைக்குக் கெயின் முழுசாக ஏறியிருந்தது. கூர்மைக்கு இருக்கிற டிரெபிள் குமிழும் கடைசி வரை திருகியிருந்தது. மேல் பாதி செத்துப்போன பெடலுக்கு உயிர் கொடுக்க வேண்டுமே.

இரண்டாவது பாட்டில் அவன் தனி வாசிப்பு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு பெடலை முன்னால் அழுத்தினான். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒரே நேரத்தில் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு கைக்குழந்தை வீறிட்டது. மைக் செட்டுக்காரன் கையை ஆட்டி ஆட்டிக் குறை, குறை என்று காட்டினான். இவன் கண்ணைத் திறந்தால் அல்லவா தெரியும்? செவிடன் காதில் சங்கு ஊதின கதைதான் என்று அந்த ஆள் தன் பெட்டியிலேயே இவன் சத்தத்தைப் பிடுங்கிவிட்டான். அந்தப் பழமொழியை அவன் சும்மா வாய்க்கு வந்ததென்று சொன்னான்.

கச்சேரி முடிந்து சாமான் ஏற்றும்போது முனிரத்தினம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

"பெடலு பெடலுன்னு சொல்லாத ஜெபா. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அடுத்து வல்லக்கோட்டை கிருத்திகை. அதுக்குள்ள சவுண்டைச் சரி பண்ணு. இல்லாங்காட்டி சுபாஷு லீடு வாசிக்கட்டும், நீ ரிதம் வாசி."

சுபாஷ் குழுவில் தாளத்துக்குத் துணையாக ரிதம் கிடார் வாசிக்கிற பையன், இருபது வயது, நல்லவன். அந்த நேரத்தில் ஒயரைச் சுருட்டுகிற சாக்கில் தலையைத் திருப்பிக்கொண்டான். லீடிலிருந்து ரிதத்துக்கு இறங்குவது என்றால் மாப்பிள்ளையாக இருந்தவனைப் பந்தியில் இலை போடச் சொல்வது மாதிரி. ஜெபகுமார் சரிண்ணா என்று மட்டும் சொன்னான்.

மறுநாளே தாம்பரம் போனான். கன்னியப்பன் பெடலைத் திறந்து, ஊதி, துடைத்து, மிதித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்றார். இவன் ஒப்பவில்லை. உள்ளே இருக்கிற வால்யூம் கண்ட்ரோலை மாற்றச் சொன்னான், மாற்றினார். மறுவாரம் வந்து அது போதாது, மேலே இன்னும் கூர்மை வேண்டும் என்றான். கேட்கிற கஸ்டமருக்குக் கேட்டதைக் கொடு என்பது அவர் கொள்கை. ஒரு கெப்பாசிட்டரை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்து, மிதித்துக் காட்டியபோது பக்கத்து டீக்கடையிலிருந்து யாரோ திட்டினார்கள். ஜெபகுமார் காதை ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டான். இன்னும் அதே கம்பளிதான். கன்னியப்பன் அவனை ஒருமாதிரி பார்த்தார். பார்த்துவிட்டு, இனி வேண்டுமானால் வேறு கடை பார் என்று பெடலைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டார்.

இனி வீட்டுக்கு வருவோம். பிரவீனா அவன் மனைவி. கல்யாணமாகி வந்த புதிதில் அந்த ஆம்பைப் பார்த்து இரும்புப் பெட்டி என்று நினைத்தவள். ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்து, புடவையை மாற்றி, முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஜெபகுமார் ஆம்பைப் போட்டு, பெடலைச் சொருகி, கிடாரைத் தொடாமல் சும்மா பெடலை மட்டும் மேலும் கீழுமாக மிதித்துக்கொண்டிருந்தான். அவ்வளவு கெயின் இருந்தால் கம்பியைத் தட்டவே வேண்டாம். ஆம்பின் இரைச்சலே பெடலுக்குத் தகுந்தபடி ஊ என்று மூடி ஆ என்று திறக்கும். பிரவீனா அந்தக் கருமத்தை நிறுத்தச் சொன்னாள். எதை என்றான். உஸ்ஸென்று இரைகிறதே, அதை என்றாள். அவன் பெடலை முழுக்க முன்னால் அழுத்தி வைத்திருந்தான், அவனைப் பொறுத்தவரை அறை அமைதியாக இருந்தது. அடுப்பில் குக்கர் இருந்தது. அது எத்தனை விசில் விட்டது என்றும் அவனுக்குத் தெரியவில்லை. அதை அவன் அப்போது யோசிக்கவில்லை.

பெடல் கெட்டதுதான் என்று அவளுக்கு நிரூபித்துக் காட்ட நினைத்தான். அதுதான் வினை.

"நான் மெதுவா மிதிக்கிறேன். சத்தம் வர்ற வரிக்கும் கையைத் தூக்கிக்கோ. நின்னுச்சுன்னா எறக்கிடு" என்றான்.

கீரைக் காம்பு ஒட்டின கையை அவள் தூக்கினாள். அவன் குதிகாலிலிருந்து ஆரம்பித்து, மிக மெதுவாக முன்னால் போனான். ஊ என்று வந்தது. ஆ என்று திறந்தது. நடுவைத் தாண்டியதும் வழக்கம்போல் அமுங்கி, மங்கி, போய்விட்டது. பார், இங்கேதான் என்று சொல்ல வாயெடுத்தான். அவள் கை இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் மிதித்தான், கை அப்படியே இருந்தது. பெடல் தரையை முட்டுகிற வரை மிதித்தான். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு, இன்னொரு கையால் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, தூக்கின கையைத் தூக்கினபடியே உட்கார்ந்திருந்தாள்.

அவன் மறுபடியும் செய்தான். விளையாடுகிறாளோ என்று அவளைச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்காரச் சொல்லிச் செய்தான். கை இறங்கவே இல்லை.

ஜெபகுமார் ஆம்பை அணைத்தான். பெடல் நன்றாகத்தான் இருந்தது. பெடலின் மேல் பாதி உயிரோடு கத்திக்கொண்டுதான் இருந்தது, மணிமங்கலத்தில் குழந்தை அழுதது அதனால்தான். அவளிடம் அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தபோதே தெரிந்துகொண்டாள், கீரைத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

அழுகை வரும் என்று அவன் காத்திருந்தான். வரவில்லை. கோபம் வருமோ என்று பார்த்தான், அதுவும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்குமே, உள்ளுக்குள் அப்படி இருந்தது. சாப்பிட்டான். கீரைப் பொரியல் நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னான். மறுநாள் ஷிப்டுக்குப் போனான், பிரஸ் விழுந்தது, பிராக்கெட் விழுந்தது. சூப்பர்வைசர் கூப்பிட்டு ஒரு டையைக் கேட்கச் சொன்னபோது குனிந்து கேட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றான். அன்று மத்தியானம் அந்த டை மூலையில் விரிசல் விட்டுத் தகட்டைக் கிழித்தது. தூக்கக் கலக்கம் என்று அவர்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார்கள். செங்கல்பட்டில் காது டாக்டர் ஒருவரிடம் பிரவீனா இழுத்துக்கொண்டு போனாள். அவர் ஒரு இரும்புக் கவையைத் தட்டி அங்கே இங்கே வைத்துப் பார்த்துவிட்டு, போனது போனதுதான், இருப்பதையாவது காப்பாற்று என்றார். பஸ்ஸில் திரும்பும்போது அவள் அழுதாள். ஜெபகுமார் ஜன்னல் வழியாக ஒரகடத்து வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "லீடை வுட்டுக் குடுத்துடப் போறியா?"

"கேக்காதவன் எப்படி வாசிப்பான்?"

"எனக்குக் கேக்குது இல்ல? மிதி, நான் சொல்றேன்."

கிருத்திகை வரைக்கும் தினம் சாயங்காலம் இதுதான் நடந்தது. அவன் வாசிப்பான். அவள் எதிரே உட்கார்ந்து, குழம்பில் உப்புப் பார்க்கிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்பாள். அவளுக்குக் கெயினும் தெரியாது டிரெபிளும் தெரியாது. கிழிகிறது, குத்துகிறது, மூக்கால் பேசுகிறது, இப்போது நன்றாக அழுகிறது என்று அவளுக்குத் தெரிந்த பாஷையில் சொன்னாள். அவன் அதைக் குமிழ்களுக்கு மொழிபெயர்த்தான். கன்னியப்பனிடம் போய், மாற்றின கெப்பாசிட்டரை எடுத்துவிட்டுப் பழையதையே வைக்கச் சொன்னபோது அவர் காரணம் கேட்கவில்லை. கெயினைக் குறைக்கக் குறைக்க அவள் முகம் தெளிந்தது. முழுசாக ஏற்றியிருந்ததைப் பாதிக்கும் கீழே இறக்கினான். பெடலே ஒரு தள்ளு தள்ளிக் கொடுப்பதால் அது போதுமாக இருந்தது. அத்தனை நாளும் அவனுக்குக் கேட்ட பகுதியிலேயே சத்தத்தை இன்னும் இன்னும் கொட்டிக்கொண்டிருந்தான், பெடல் பேசுவதற்கு இடமே விடவில்லை. டிரெபிளையும் இறக்கினான். தாளத்துக்குத் தாளம் பெடலை ஆட்டாமல், ஒரு வரி பாடுகிறவன் ஒரு மூச்சில் பாடுகிற மாதிரி ஒரு வரிக்கு ஒரு மிதி மிதித்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, பெடலை அடி வரைக்கும் போகவிடவில்லை. கொஞ்சம் முன்னாலேயே ஓர் இடத்தில் அது ரொம்ப அழகாக அழுகிறது, அதைத் தாண்டினால் கத்துகிறது என்று அவள் சொன்னாள். அந்த இடம் அவனுக்கு வெறும் அமைதி. பழைய சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டை வெட்டி, அவள் நிறுத்து என்ற இடத்தில் பெடல் நிற்கும்படி அதன் அடியில் ஒட்டினான்.

வல்லக்கோட்டையில் மேடை கோயிலுக்கு எதிரேயே போட்டிருந்தார்கள். சாமிக்கு எதிரே செருப்போடு ஏறுவதில்லை; வாத்தியங்களுக்குப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, எல்லாரும் வெறுங்காலோடுதான் ஏறினார்கள். ஜெபகுமாரின் பெடலுக்கும் யாரோ ஒரு சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். இருட்டக்கூட இல்லை, கூட்டம் நல்ல கூட்டம். பிரவீனா பெண்கள் பக்கத்தில் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சுபாஷ் லீடு வாசிக்க வேண்டிய பாட்டுகளைப் படித்துக்கொண்டுதான் வந்திருந்தான். முனிரத்தினம் பெடலை ஒரு பார்வை பார்த்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

தனி வாசிப்பு வந்தது. இந்த முறை ஜெபகுமார் கண்ணை மூடவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாசித்தான். குதிகாலிலிருந்து மெல்ல எழுந்தான். ஊ என்று வந்தது, ஆ என்று திறந்தது. பிறகு, அவன் பங்கு முடிந்து, கம்பளி விழுந்தது. அதற்கு மேல் கால்தான் வாசித்தது. உள்ளங்காலில் டியூப்பின் மெத்தென்ற முட்டல் தட்டுப்பட்டதும் அங்கேயே நிறுத்தி, கம்பியை இழுத்துப் பிடித்தான். ஒன்றும் கேட்கவில்லை. முன்வரிசையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒருத்தி மெல்வதை நிறுத்தினாள். மைக் செட்டுக்காரன் பெட்டியிலிருந்து தலையைத் தூக்கினான். முனிரத்தினம் மைக்கைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தார். பிரவீனாவின் முகத்தில் இருந்த அந்த உப்புப் பார்க்கிற பார்வை போய்விட்டிருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. சத்தம் சரியாக இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது. தெரிந்தது, அவ்வளவுதான்.

இறங்கினதும் முனிரத்தினம் அவன் முதுகில் ஓர் அறை வைத்தார். சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி, "காதுன்னா இவன் காதுதான்யா" என்றார். பிரவீனா பக்கத்தில்தான் நின்றிருந்தாள், முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டாள். ஜெபகுமார் சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து சிரித்தான். சுபாஷுக்குப் பொறாமை கிறாமை ஒன்றும் இல்லை. கடைசியில் இழுத்துப் பிடித்தபோது உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது என்றான். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டான். ஜெபகுமார் அவனை ஆம்பிடம் கூட்டிப்போய், கெயின் இவ்வளவு, டிரெபிள் இவ்வளவு, டியூப் துண்டு இங்கே என்று ஒளிக்காமல் எல்லாம் காட்டினான். கண்டுபிடித்தது நானில்லை, என் வீட்டுக்காரி என்றான். பையன் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை ஷிப்டு. பிரவீனா டிபன் பாக்ஸைக் கொடுத்துவிட்டு, மருந்துக்கடைப் பஞ்சை இரண்டு உருண்டையாக உருட்டி நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான்.

"டையைக் கேக்கச் சொன்னா?" என்றாள்.

"கேக்கலன்னு சொல்லுவேன். பெரிய பிரஸ்ஸை வுட்டு என்னைத் தூக்கட்டும்."

சொல்லிவிட்டும் அவன் கிளம்பவில்லை. பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றான். பிறகு, கடன் கேட்கிறவன் மாதிரி தயங்கித் தயங்கிக் கேட்டான். "நேத்து அந்தக் கடைசி இழுப்பு எப்படி இருந்துச்சு? வாயால சொல்லிக் காட்டு."

தெருவில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அவள் கிட்டே வந்தாள். அவன் வலது காதில் வாயை வைத்து, முதலில் ஊ என்று முனகினாள். மெல்ல ஆ என்று திறந்தாள். அவன் தலையை ஆட்டினான், கேட்கிறது. அதற்கப்புறம் அவள் குரலை மெலிய விட்டு, கம்பி மாதிரி இழுத்து, கடைசியில் வெறும் மூச்சாக மேலே மேலே கொண்டுபோனாள். அவள் குரல் எங்கே போயிற்று என்று அவனுக்குத் தெரியவில்லை. காது மடலில் மூச்சு மட்டும் பட்டுக்கொண்டிருந்தது, சூடாக.

"இன்னும் வந்துகினு இருக்குதா?" என்று கேட்டான்.

வாய் வேலையாக இருந்ததால் அவளால் பதில் சொல்ல முடியவில்லை. கையைத் தூக்கிக் காட்டினாள். அந்தக் கை இறங்குகிற வரைக்கும் ஜெபகுமார் அசையாமல் நின்றான். அத்தனை நாள் வராத அழுகை அப்போதுதான் அவனுக்கு வந்தது.